கல்லூரியில் துக்கத்துக்கு விடுப்பு உண்டா?

நம் சங்க இதழில் நான் வழக்கமாக ரயில்வே அனுபவங்களைத்தான் எழுதுவேன். இந்த முறை வேறு ஒரு விஷயம். பிள்ளைகளை வெளியூர் விடுதியில் விட்டுப் படிக்க வைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது என்றாவது ஒரு நாள் தேவைப்படலாம். தேவைப்படாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஒரு மாலை நேரம். நம் சங்கக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறவள். தந்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாக்பூரிலிருந்து கல்லூரிக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"மாமா, அட்டெண்டன்ஸ் குறைஞ்சு போச்சு. ஒரு படிவம் குடுத்திருக்காங்க. அதுல காரணம்ங்கிற இடத்துல என்ன எழுதறது? ஆபீஸ்ல, உடம்பு சரியில்லைன்னு எழுதி ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வைம்மா, வேலை முடிஞ்சிடும்னு சொல்றாங்க. எனக்கு உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு? செத்துப் போனது எங்கப்பா."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் எத்தனையோ படிவங்கள் நிரப்பியவன். அன்று அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், "நாளைக்குக் கூப்பிடறேம்மா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தது பாதி. என்னை நினைத்தது பாதி.

பச்சை மையில் ஒரு வரி

1978-ஆம் ஆண்டு. தமிழ்நாட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து விடுதிக்குத் திரும்பிப் பத்து நாள் இருக்கும். இரவு உணவு வேளையில் தந்தி வந்தது. ஊரில் தந்தி என்றாலே வயிற்றைக் கலக்கும் காலம் அது. (2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அதை விளக்கித்தான் சொல்ல வேண்டும்.) வார்டன் பிரித்துப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்து, கூட ஒரு பையனையும் சேர்த்து பஸ் நிலையத்துக்கு அனுப்பினார். விடியற்காலை நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைத் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள்.

இருபது நாள் கழித்துத் திரும்பினேன். விண்ணப்பம் எழுதிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். "தகப்பனார் மறைவு" என்ற வார்த்தையைப் படித்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் மூலையில் பச்சை மையில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு தேர்வு எழுதினேன், தேறினேன், டிப்ளமோ முடித்தேன், 1981-இல் ரயில்வேயில் சேர்ந்தேன். இன்று நான் வாங்கும் பென்ஷனுக்கு அந்தப் பச்சை வரியும் ஒரு காரணம்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். மறு ஆண்டு அதே பாலிடெக்னிக்கில் எனக்கு ஓராண்டு பின்னால் படித்தவனுக்குத் தாயார் தவறிவிட்டார். அதற்குள் பழைய பிரின்சிபால் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், "விதியில் இல்லை" என்றார். அவனுக்கு ஓராண்டு போயிற்று. இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே மாதிரி துக்கம். என் அதிர்ஷ்டம், எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர். அவனுக்கு அது வாய்க்கவில்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் படிப்பு அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது என்று அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முப்பது ஆண்டு கழித்து நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

நெய்ப்பந்தம்

2008 நவம்பர். என் மகன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. என் தாயார் எங்களோடு நாக்பூரில் இருந்தார். மகனை வளர்த்தது என் தாயார்தான். நான் பாதி நாள் லைனில் இருப்பேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. பேரனுக்குச் சோறு ஊட்டியது, தமிழ் எழுத்து பழக்கியது, இரவில் கதை சொல்லித் தூங்க வைத்தது எல்லாம் பாட்டி.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை தூக்கத்திலேயே அம்மா போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை மகனுக்கு செமஸ்டர் தேர்வு தொடக்கம். அந்தப் பருவத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாள் படுத்திருந்தான். அட்டெண்டன்ஸ் 76 சதவீதத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. இப்போது வரச் சொன்னால் தேர்வு போகும், ஓராண்டு வீணாகும் என்று நான் கணக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. "பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று முடிவு செய்துவிட்டேன். மனைவி அழுதாள். உறவினர் எல்லாரிடமும் போன் போட்டுச் சொல்லி வைத்தேன்: "பையன் கேட்டா ஒண்ணும் சொல்லிடாதீங்க."

நம் வழக்கத்தில் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்பது அன்பர்களுக்குத் தெரியும். சொந்தப் பேரன் உயிரோடு, உடம்பு நன்றாக இருந்தும், என் தாயாருக்கு நெய்ப்பந்தம் பிடித்தது பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்வான். "பாட்டி எங்கப்பா? போனைக் குடுங்க" என்பான். முதல் வாரம் "தூங்கறாங்க" என்றேன். இரண்டாம் வாரம் "கோயிலுக்குப் போயிருக்காங்க" என்றேன். மூன்றாம் வாரம் அவன் கேட்கவே இல்லை. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. தெரிந்துகொள்ள பயந்திருக்கிறான்.

டிசம்பரில் தேர்வு முடிந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினான். அழைத்துவர நான்தான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பை வைத்திருந்தான். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலை. பாட்டிக்கு. என் மொட்டைத் தலையில் அரைகுறையாக முளைத்திருந்த முடியைப் பார்த்தான். கேட்கவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாப் பாடங்களிலும் தேறினான். நல்ல மதிப்பெண். என் கணக்கு தவறவில்லை. ஆனால் அதன் பிறகு பல ஆண்டுகள் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், அவன் என்னிடம் கேட்க மாட்டான். அம்மாவிடமோ பக்கத்து வீட்டாரிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். நான் சொல்வது உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்த பிறகு ஒருநாள் சொன்னான்: "நீங்க சொல்லியிருந்தா ஒருவேளை நானே வராம இருந்து பரீட்சை எழுதியிருப்பேன்பா. ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும்."

நம் குடும்பங்களில் இப்படிச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. சங்க நண்பர்களிடம் பேசிப் பார்த்ததில் மூன்று நான்கு வீடுகளில் இதே கதை. நாம் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. நம்மை இப்படிச் செய்ய வைப்பது 75 சதவீதம் என்ற எண்.

கணக்கைப் பார்ப்போம்

பொறியியல் ஆள் என்பதால் எண்களில் சொன்னால்தான் எனக்கே தெளிவாகும்.

ஒரு பருவத்தில் 90 வேலை நாட்கள், வாரம் ஆறு நாள் வகுப்பு, 15 வாரம் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 22 நாள். பார்த்தால் தாராளமாகத்தான் தெரிகிறது.

இப்போது கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளைக்கு நாக்பூரில் தந்தை இறந்தால்? போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். சில குடும்பங்களில் காரியம் பத்தாம் நாள், சிலருக்குப் பதின்மூன்று, சிலருக்குப் பதினாறு. கிறிஸ்தவ, இஸ்லாமிய அன்பர்களின் முறை வேறு. அவர்களுக்கு அடக்கம் சீக்கிரம் நடப்பதால் உடனே கிளம்பியாக வேண்டிய அவசரம் அதிகம். பதினாறு நாள் என்றே கொள்வோம். பயணத்தோடு 19 நாள். ஞாயிறுகளைக் கழித்தால் ஏறத்தாழ 16 வேலை நாட்கள். 22-இல் மிச்சம் ஆறு. அந்த ஆறில்தான் அந்தப் பருவம் முழுவதும் காய்ச்சல், அக்காள் கல்யாணம், ரயில் தாமதம் எல்லாம் அடங்க வேண்டும்.

மரணம் எப்போதும் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன்னால் ஐ.சி.யூ. வாசலில் எட்டு நாள், பத்து நாள் உட்கார வேண்டியிருக்கும். அதைச் சேர்த்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக வருகையைக் கணக்கிடுகிறார்கள். வாரம் ஒரு முறை நடக்கும் லேப் வகுப்பு, பருவத்துக்கு 15 முறை. அதில் 12 முறை வந்தாக வேண்டும். தவறவிடக் கூடியது மூன்றே மூன்று. 19 நாள் ஊரில் இருந்தால் இரண்டு அல்லது மூன்று லேப் போய்விடும். மருத்துவக் கல்லூரியில் இன்னும் கடுமை: வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம்.

எங்கள் ரயில்வேயிலும் மரணத்துக்கென்று தனி விடுப்பு கிடையாது. ஆனால் எங்களுக்குச் சம்பள விடுப்பு ஆண்டுக்கு 30 நாள் சேரும். 300 நாள் வரை கணக்கில் நிற்கும். வீட்டில் துக்கம் என்றால் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாணவனுக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. ஒவ்வொரு பருவமும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறான்.

விதியில் எது இருக்கிறது, எது இல்லை

வருகை குறைந்தால் மன்னிக்கும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. உதாரணமாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளில் 65 முதல் 74 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு விலக்கு தர இடம் வைத்தார்கள். அங்கே குறிப்பிடப்பட்ட காரணங்கள்: மருத்துவமனையில் சேர்ந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டது. பட்டியல் அவ்வளவுதான். வீட்டில் மரணம் என்ற காரணம் பெயர் சொல்லி இல்லை. பந்து விளையாடப் போனவனுக்குக் கட்டம் இருக்கிறது. கொள்ளி வைக்கப் போனவனுக்கு இல்லை.

இதனால்தான் "டைபாய்டு" என்று பொய்ச் சான்றிதழ் வாங்குகிற வழக்கம் வந்தது. சொல்பவர்களும் பெரும்பாலும் இரக்கத்தால்தான் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்பா இறந்தார் என்ற உண்மை செல்லாது, எனக்குக் காய்ச்சல் என்ற பொய் செல்லும் என்று பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நாம் பாடம் நடத்துகிறோம்.

விதிகள் மாறவே மாறாதவை என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, பெண் மாணவர்களின் மகப்பேறு விடுப்புக்கும் வருகைச் சலுகைக்கும் விதி வகுக்கும்படி பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிடாயைக் கருதி மாணவிகளுக்கு 2 சதவீத வருகைச் சலுகை கொடுத்தது. அதே மாதம் கேரள அரசு மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவுபடுத்தியது. 75 என்பது மாணவிகளுக்கு 73 ஆயிற்று. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்ட மாணவர் எவரையும் தேர்வு எழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2016-இல் வருகை குறைந்ததால் தேர்வு எழுத முடியாமல் போன ஒரு சட்ட மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டதிலிருந்து தொடங்கிய வழக்கு அது. ஓர் உயிர் போய், ஒன்பது ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு.

வெளிநாட்டில் சில இடங்களில் துக்கத்துக்கே தனி விதி இருக்கிறது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகம் 2011-இல் மாணவர்களுக்கான துக்க விடுப்பு விதியைக் கொண்டுவந்தது. இத்தனை நாள் விடுப்பு, பயண தூரத்துக்கு ஏற்பக் கூடுதல் நாள், தவறவிட்ட தேர்வையும் வேலையையும் பிறகு செய்து முடிக்க வாய்ப்பு என்பவை அதன் சாரம். பயண தூரத்தைக் கணக்கில் எடுத்ததைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. உள்ளூர்ப் பிள்ளைக்கும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு நாள் போதாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு அதுதான் முக்கியம்.

அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் பால்க் இத்துறையில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டாலும் கல்லூரி மாணவர்களில் 22 முதல் 30 சதவீதம் பேர், நெருங்கிய ஒருவரை இழந்து ஓராண்டுக்குள் இருப்பவர்கள் என்கிறார். அது அந்த நாட்டுக் கணக்கு. ஆனாலும் பாட்டி தாத்தாவோடு ஒன்றாக வாழும் நம் வீடுகளை நினைத்தால், இங்கேயும் இது அபூர்வமான விஷயம் இல்லை என்பது புரியும்.

இன்னொன்று, என் சொந்தத் துறையைப் பற்றி. ரயிலில் அவசர ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியும். மந்திரிகளுக்கும் எம்.பி.க்களுக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை வழங்கும்போது கவனிக்க வேண்டிய காரணங்களில் "குடும்பத்தில் மரணம்" என்பதும் ஒன்று. அதாவது, பிள்ளை ஊருக்குப் போக பெர்த் கொடுக்க ரயில்வே அந்தக் காரணத்தை ஏற்கிறது. போய்த் திரும்பியவனைக் கல்லூரி ஏற்பதற்குத்தான் விதி இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

மறுநாள் காலை நானே அவளை அழைத்தேன். "உள்ளதை உள்ளபடி எழுதும்மா" என்றேன். இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் தயார் செய்தோம். தந்தை பக்கவாதத்தால் மருத்துவமனையில் இருந்த எட்டு நாள், இறந்த தேதி, காரியம், பயணம் எல்லாம் தேதி வாரியாக. கூடவே இறப்புச் சான்றிதழ், மருத்துவமனை ரசீது, இரு வழி ரயில் டிக்கெட். ரயில்வேயில் விபத்து அறிக்கை எழுதிய பழக்கம் அன்று உதவியது.

துறைத் தலைவர் படித்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். பிரின்சிபாலிடம் அவரே எடுத்துச் சென்றார். மொத்த வருகை 72 சதவீதத்தை மன்னித்து, தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு லேப் மட்டும் தேறவில்லை. அந்தப் பருவத்தில் அது நடந்ததே 12 முறை; அவள் தவறவிட்டது ஐந்து. 58 சதவீதம். "65-க்குக் கீழே எங்கள் கையில் இல்லை" என்றுவிட்டார்கள். மறு ஆண்டு ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த லேபை முடித்தாள்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பொய் எழுதவில்லை. "அப்பா பேரை அந்த லெட்டர்ல எழுதினப்பத்தான் மாமா மொதல்ல அழுதேன்" என்று அவள் பிறகு சொன்னாள்.

நாம் செய்யக் கூடியவை

விதி வரும்போது வரட்டும். அதுவரை குடும்பங்கள் செய்ய வேண்டியதாக என் அனுபவத்தில் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மறைக்காதீர்கள். பிள்ளைக்கு அன்றே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அல்ல, குரலில். முடிந்தால் முதலில் வார்டனுக்கோ நெருங்கிய நண்பனுக்கோ சொல்லி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது சொல்லுங்கள். வருவதா, தேர்வு எழுதுவதா என்ற முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்கட்டும்.

இரண்டாவது, தனியாகப் பயணம் செய்ய விடாதீர்கள். ரயிலில் இடம் இல்லை என்றால், காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கோட்ட அலுவலகத்தில் அவசர ஒதுக்கீட்டுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முந்தின நாளே கொடுப்பது நல்லது. நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது; கேட்காமல் இருப்பதுதான் தவறு.

மூன்றாவது, கிளம்பும் அன்றே துறைத் தலைவருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் வார்டனுக்கும் நான்கு வரி மின்னஞ்சல் போகட்டும். பிள்ளையால் முடியாவிட்டால் சித்தப்பாவோ மாமாவோ அனுப்பலாம். திரும்பிய பிறகு கொடுக்கும் கடிதத்தைவிட, அன்றைய தேதியிட்ட நான்கு வரிக்கு மதிப்பு அதிகம்.

நான்காவது, காகிதங்கள். டிக்கெட், மருத்துவமனை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். சான்றிதழில் இரண்டு மூன்று பிரதி பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஐந்தாவது, திரும்பியவுடன் பாடவாரியாக வருகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறிப்பாக லேப். மீதமுள்ள வாரங்களில் வேறு பேட்சோடு உட்கார்ந்து ஈடு செய்ய முடியுமா என்று அப்போதே கேட்க வேண்டும். பருவம் முடிந்தபின் கேட்டுப் பயன் இல்லை. அந்தப் பெண் விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

ஆறாவது, மறுத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைப்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல் முறையிட பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். மரியாதையாக, எழுத்தில், ஆதாரத்தோடு கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தண்டவாளத்தின் அடி ஜல்லியைத் தோண்டி எடுத்துச் சலித்துப் போட்ட இடத்தில் உடனே முழு வேகத்தில் ரயிலை விட மாட்டோம். முதலில் 20 கிலோமீட்டர் வேகம், பிறகு 45, பிறகு 75. ஜல்லி இறுகிய பிறகுதான் பழைய வேகம். காரியம் முடிந்து திரும்பிய பிள்ளையும் அப்படித்தான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பருவத்தில் மதிப்பெண் குறையும். குறையட்டும். "அப்பா ஆசையை நிறைவேத்தணும், நல்லாப் படி" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கல்லூரிகளில் வர வேண்டிய விதி பெரிய விஷயம் இல்லை. விலக்குக் காரணங்களின் பட்டியலில் "குடும்பத்தில் மரணம்" என்ற இரண்டு வார்த்தை. பெற்றோர், உடன்பிறந்தார் மட்டுமல்லாமல் தாத்தா பாட்டியையும் அதில் சேர்க்க வேண்டும். பயண தூரத்துக்கு ஏற்ப நாள் வேண்டும். தவறிய உள்தேர்வை மீண்டும் எழுத வாய்ப்பு வேண்டும். நம் சங்கத்தில் பேராசிரியர்களாக இருந்தவர்கள், இருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் தங்கள் கல்லூரிக் குழுக்களில் இதை எழுப்ப வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஊர்த் தமிழ்ச் சங்கங்களோடு சேர்ந்து மானியக் குழுவுக்கு ஒரு மனுவும் அனுப்பலாம்.

அதோடு, சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் நம் உறவினர், நண்பர் யார் யார், நடு இரவில் கூப்பிட்டாலும் விடுதிக்குப் போய் பிள்ளையை ரயில் ஏற்றிவிட யார் தயார் என்று எழுதி வைப்போம். அதேபோல் நாக்பூரில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே நாம் இருப்போம். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 67 வயது. இரவில் எப்படியும் தூக்கம் குறைவு.

என் மகன் இப்போது புனேயில் இருக்கிறான். சென்ற மாதம் எனக்கு ஒரு சிறு அறுவை சிகிச்சை. முந்தின இரவு அவனை அழைத்து, "நாளைக்குக் காலையில ஆபரேஷன். டாக்டர் பயமில்லைன்னு சொல்றார். உனக்கு முதல்ல சொல்றேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரிப்பா, கிளம்பி வர்றேன்" என்றான். வர வேண்டாம், ஆபீஸ் வேலை கெடும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.